நானும் ஒரு பி.காம்.!

எனக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான்!

போன டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், அக்கா வீட்டில் இருந்தேன். ஈரி ஏரிப் பக்கமிருந்து வந்த பனி ஒரே ராத்திரியில் காரை மூடிவிட்டது.

"வைப்பரைப் போட்டுத் தள்ளிடலாமே அத்தான்?"

"மோட்டார் போயிடும் மாப்ளே!"

"வெந்நீர்?"

"கண்ணாடி விரிஞ்சிடும்!"

பிரஷ்ஷால் தள்ளி, சுரண்டி எடுத்தார். பிளேடோ பழசு. 'இன்னும் ஒரு சீசன் தாங்கும்' என்று புதுசு வாங்க விடாத புண்ணியவான் அடியேன்தான்.

ஹைவேயில் முன்னே போன லாரி பனிச்சேற்றை வாரியடித்தது. வைப்பர் துடைக்கவில்லை, பூசியது! மூன்று விநாடி எதிரே ஒன்றுமே தெரியவில்லை. பின் சீட்டில் அக்கா பிள்ளைகள். அத்தான் எப்படியோ ஓரங்கட்டினார். யாரும் பேசவில்லை.

அன்றே வாங்கினோம். இணைப்புகளை ரப்பர் உறை மூடிய குளிர்கால பிளேடு. உள்ளே ஐஸ் அடைக்காது. மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும் உறையாத வாஷர் திரவம். ராத்திரியில் கண்ணாடியோடு ஒட்டாதபடி வைப்பரைத் தூக்கி நிறுத்துவதும், ரப்பரைத் துணியால் துடைப்பதும் என் டியூட்டி.

1903-ல் வைப்பருக்குப் பேடன்ட் வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற அலபாமா பெண்மணி. 'இதில் வியாபார மதிப்பில்லை' என்று கைவிரித்ததாம் ஒரு கம்பெனி.

அங்கே கணக்குப் பார்த்தவரும் நிச்சயம் என்னை மாதிரி ஆசாமிதான் சார்!