நாம் கட்டும் மாடிகளுக்கு யார் பொறுப்பு?

2017 மே 18 ஆம் திகதி வெள்ளவத்தை சவோய் திரையரங்குக்கு அருகில் பல மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்தது. உயிர்கள் பறிபோயின, இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஒன்பது மாதங்கள்கூட ஆகவில்லை. 2018 பெப்ரவரி 14 ஆம் திகதி கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கிராண்ட்பாஸில் களஞ்சியக் கட்டடமொன்று இடிந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர். இரு சம்பவங்களின்போதும் அனுமதி, சட்டம், மாநகர சபை என்று சில நாட்கள் பரபரப்பாகப் பேசினோம். பிறகு மறந்துவிட்டோம்.

அதிகாரிகளின் பொறுப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கட்டுபவர்கள் என்ற வகையில் நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கடை, வீடு, திருமண மண்டபம், மத்ரஸா, பள்ளிவாசல் என்று கொழும்பில் நமது சமூகம் தொடர்ந்து கட்டிக்கொண்டே இருக்கிறது. காணி சிறியது, குடும்பம் பெரியது. ஆகவே மேல்நோக்கித்தான் கட்ட வேண்டியுள்ளது. மூன்று மாடிக்கு வரைபடம் போடுவோம். மகனுக்குக் கல்யாணம் என்றால் நான்காவது மாடி, வாடகைக்கு விடலாம் என்றால் ஐந்தாவது மாடி. இந்த முடிவுகளைப் பெரும்பாலும் எடுப்பது வீட்டுக்காரரும் மேசன் பாஸும்தான். பொறியியலாளரின் கையொப்பம் முதல் வரைபடத்தோடு நின்றுவிடுகிறது.

ஒரு கட்டடம் பாதுகாப்பாக நிற்பதற்குக் கடதாசியில் உள்ள கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கொங்கிரீட் அதன் முழுப் பலத்தை அடைந்துவிட்டதா என்பதைப் பொதுவாக 28 நாட்களில் சோதித்துப் பார்ப்பார்கள். ஏழு நாட்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும். அதற்குள் அவசரப்பட்டு முட்டுகளைக் கழற்றுவதும், கலவை இலகுவாக ஓட வேண்டுமென்று மேலதிகமாகத் தண்ணீர் ஊற்றுவதும், காயும் தட்டுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடாமல் இருப்பதும் வரைபடத்தில் தெரியாத தவறுகள். மூன்று மாடிக்குப் போட்ட அத்திவாரத்தின் மீது ஐந்தாவது மாடியை ஏற்றுவது அவற்றைவிடப் பெரிய தவறு.

இவற்றைக் கையாளும் படிப்புதான் நிர்மாணப் பொறியியலும் முகாமைத்துவமும். நான்கு வருட சிவில் பொறியியல் பட்டத்துக்குள் கட்டமைப்பு, மண், நீர், போக்குவரத்து ஆகியவற்றோடு இதுவும் ஒரு பகுதி. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எத்தனை நாள், எவ்வளவு செலவு, ஒப்பந்தத்தில் யார் எதற்குப் பொறுப்பு, தரத்தை எப்படிச் சோதிப்பது, தொழிலாளியின் உயிரை எப்படிக் காப்பது என்பவையே இதன் பாடங்கள். மாணவர்கள் பலருக்கு இது கணக்கு குறைந்த, இலேசான பாடம். கட்டமைப்பு வடிவமைப்புத்தான் ‘உண்மையான’ பொறியியல் என்ற எண்ணம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் வேலைத்தளத்தில் “இன்று கொங்கிரீட் போட வேண்டாம்” என்று சொல்லும் தகுதியையும் துணிவையும் தருவது இந்தப் பாடம்தான்.

அந்த ஒரு சொல்லின் பெறுமதியை பங்களாதேஷ் நமக்குக் காட்டியது. 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி சாவாரில் ரானா பிளாஸா இடிந்து 1,100 க்கும் அதிகமானோர் இறந்தனர். மேல் மாடிகள் அனுமதியின்றிக் கட்டப்பட்டிருந்தன. முந்தைய நாளே சுவர்களில் வெடிப்புகள் தெரிந்தன. பார்வையிட்ட பொறியியலாளர் ஆபத்து என்று எச்சரித்தார். கீழ்த் தளத்தில் இருந்த வங்கி மூடப்பட்டது. ஆனால் ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அங்கே அறிவு இருந்தது. அதற்குக் கட்டுப்பட வைக்கும் ஒழுங்குதான் இருக்கவில்லை.

இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. வெள்ளவத்தை அனர்த்தம் நடந்த அதே 2017 இல் பொறியியலாளர்களைப் பதிவு செய்வதற்கான பொறியியல் பேரவைச் சட்டமும் வந்தது. கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடியேற வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆயினும் நம்மில் எத்தனை பேரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது? சட்டம் வாசல் வரை வரும். வாசலுக்கு உள்ளே நடப்பதை அங்கே நிற்கும் மனிதர்தான் தீர்மானிக்கிறார்.

2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு மூடை சீமெந்தின் விலை மூவாயிரம் ரூபாயைக் கடந்தது. வேலைத்தளங்கள் மூடப்பட்டன, இளம் பொறியியலாளர்கள் பலர் வளைகுடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. விலை ஏறும்போது முதலில் வெட்டப்படுவது மேற்பார்வைக் கட்டணம்தான். தளபாடத்துக்கும் மாபிளுக்கும் பேரம் பேசாத நாம் பொறியியலாளரின் கட்டணத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கிறோம்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடையும் நம் பிள்ளைகளுக்கு மொறட்டுவை, பேராதனை, ருஹுணை, யாழ்ப்பாணம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. சிவில் பொறியியலைத் தெரிவு செய்பவர்கள் இந்தப் பாடத்தை ஒதுக்காமல் ஊன்றிப் படிக்கட்டும். கைத்தொழில் பயிற்சிக் காலத்தில் அலுவலகக் குளிரூட்டியை விட்டு வேலைத்தளத்துக்குப் போகட்டும். அனுபவமுள்ள ஒரு பாஸிடம் கற்க வேண்டியதும் நிறைய உண்டு. அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் உண்டு.

பெரியவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பள்ளிவாசல் பரிபாலன சபைகள் இதைத் தொடங்கி வைக்கலாம். சந்தாப் பணத்தில் எழும் எந்தக் கட்டடத்துக்கும் பதிவு பெற்ற பொறியியலாளர் ஒருவரை ஆரம்பம் முதல் முடிவு வரை நியமிப்போம், கொங்கிரீட் சோதனை அறிக்கைகளை ஜமாஅத்தார் பார்வையிட வைப்போம், இணக்கச் சான்றிதழ் கிடைக்கும்வரை திறப்பு விழா வைக்க மாட்டோம் என்று மூன்று தீர்மானங்களை எடுத்தால் போதும். ஊர் மக்கள் தங்கள் வீட்டு வேலையிலும் அதையே கேட்கத் தொடங்குவார்கள்.

மற்றவர்களின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் கட்டும் மாடிக்குக் கீழே நம் பிள்ளைகள் மட்டும் உறங்குவதில்லை. வாடகைக் குடும்பங்களும், கடைச் சிப்பந்திகளும், மதிலுக்கு அப்பால் அயலவர்களும் உறங்குகிறார்கள். அடுத்த மாடிக்குக் கம்பி வாங்குவதற்கு முன் ஒரு பொறியியலாளரை அழைத்து அத்திவாரத்தைக் காட்டுங்கள். அவர் “வேண்டாம்” என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள்.