கம்பமேறும் கரங்களைக் காப்போம்!

ஆடி பிறந்துவிட்டால் போதும். அம்மியையே பறக்கவைக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்த காற்று தேனி மாவட்டம் முழுவதும் வீசத் தொடங்கிவிடும். கெங்குவார்பட்டித் தோப்புகளிலே மாங்கிளை முறிந்து விழும். தென்னை மட்டை மின்கம்பியிலே தொங்கும். விளக்கு அணையும், பம்புசெட்டு நிற்கும், மாவு மில் ஓயும். உடனே ஊரெங்கும் ஒரே கேள்விதான்: “கரண்ட்டுக்காரர் வந்துவிட்டாரா?”

வருகிறார். இருட்டிலே வருகிறார், ஈரத்திலே வருகிறார். தோளிலே கயிறும் கையிலே குறடுமாக வந்து, கம்பத்தில் ஏறி, விளக்கை எரியவைத்துவிட்டுப் போய்விடுகிறார். விளக்கு எரிந்ததும் நாமும் அவரை மறந்துவிடுகிறோம். அவர் யார், எந்தக் கணக்கில் வேலை பார்க்கிறார், கம்பமேற அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், விழுந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? அந்தக் கேள்விகளைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

நம் வட்டாரத்துக்கு மின்சாரம் புதிதல்ல. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. அதே தண்ணீரைக் கொண்டு லோயர் கேம்ப் மின்நிலையம் 1958இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு, 1957 ஜூலை முதல் நாள், மின்சார வாரியம் பிறந்தது. பட்டிதொட்டியெல்லாம் கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். கிணற்றடியிலே கமலை ஓய்ந்து மோட்டார் ஓடிற்று. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் தமிழகத்தில் ஓடுகின்றன. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பம்புசெட்டுக்கும் பின்னால் ஒரு கம்பி இருக்கிறது. ஒவ்வொரு கம்பிக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்க வேண்டும். கம்பி வளர்ந்த அளவுக்கு மனிதர் தொகை வளர்ந்ததா? இல்லை! களப்பணியில் மட்டும் பல்லாயிரம் இடங்கள் காலி என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கூறி வருகின்றன. மூவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறார். அந்த ஒருவரும் ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

‘ஆள்தானே வேண்டும்? நாட்டிலே ஆளுக்கா பஞ்சம்?’ என்று மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போர் கேட்கக்கூடும். ஆள் வேறு, லைன்மேன் வேறு! கம்பமேறத் தெரிந்தவனெல்லாம் லைன்மேன் ஆகிவிட முடியாது.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேருவது பதினோராயிரம் வோல்ட். சில இடங்களில் இருபத்திரண்டாயிரம். வீட்டுக்குப் போவது 230 வோல்ட். கம்பியைத் தொடுமுன் துணைமின்நிலையத்தில் லைன் கிளியர் வாங்க வேண்டும். ஏ.பி. சுவிட்சைத் திறக்க வேண்டும்; திறந்ததா, மூன்று கத்தியும் விலகியதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு கம்பியிலே எர்த் ராடு மாட்ட வேண்டும். அதற்குப் பிறகே கை வைக்க வேண்டும்.

எர்த் ராடு எதற்கு? சுவிட்சைத் திறந்தபின் கம்பி செத்துவிட்டது என்று நினைப்பதே முதல் ஆபத்து. எங்கோ ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போடுகிறார்கள். மாற்றுச் சுவிட்சு வைக்காமல் வீட்டு இணைப்போடு அதைச் சேர்த்துவிட்டால், அந்த மின்சாரம் பின்வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் புகுந்து, மேலே உயரழுத்தமாக ஏறிவிடும். கம்பத்தின் உச்சியிலே இருப்பவனுக்கு அது தெரியுமா? எர்த் ராடு மாட்டியிருந்தால் பிழைப்பான்; மாட்டாவிட்டால்? ஒரே கம்பத்தில் இரண்டு லைன் ஓடும் இடங்களும் உண்டு. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றைத் தொட்டு மாண்டவர்கள் எத்தனையோ பேர்.

இவையெல்லாம் புத்தகத்தில் உள்ளவை. புத்தகத்தில் இல்லாதவையும் உண்டு. எந்தத் தோப்பிலே எந்தக் கிளை கம்பியை உரசும். எந்தக் கம்பம் அடியிலே அரித்திருக்கிறது. மழை பெய்தால் எந்த ஓடையைக் கடக்க முடியாது. எந்த டிரான்ஸ்பார்மர் எந்தத் தெருவுக்கு! கொடைக்கானல் மலையடிவாரத்திலே கிடக்கும் ஓர் ஊரின் மின்பாதையை மனப்பாடமாக அறிய நாலைந்து மழைக்காலமாவது அங்கே நனைந்திருக்க வேண்டும். அந்த அறிவை அலுவலகக் கோப்பிலே எழுதி வைக்க முடியாது. அனுபவம் மிகுந்த ஒயர்மேன் ஒருவர் ஓய்வு பெறும்போது, பக்கத்தில் ஓர் இளைஞன் இல்லையென்றால், அந்த அறிவு அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஆகவேதான் சொல்கிறோம்: ஆள் சேர்ப்பது, பயிற்றுவிப்பது, நிலைக்க வைப்பது என்ற மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒரு புரி அறுந்தாலும் கயிறு தாங்காது. அந்தக் கயிற்றிலே தொங்குவது ஒரு தொழிலாளியின் உயிர்!

நடந்தது என்ன? காலியிடத்தை நிரப்புவதற்குப் பதிலாக ஒப்பந்தத் தொழிலாளி என்றொரு வழி கண்டார்கள். கம்பம் நடுவது அவன், குழி வெட்டுவது அவன், கம்பி இழுப்பது அவன், நாளடைவில் ஃபியூஸ் போடுவதும் அவன். ஆனால் வருகைப் பதிவேட்டிலே அவன் பெயர் இல்லை. 1990களிலே நீதிபதி காலித் குழு விசாரித்து, ஏறத்தாழ பதினெட்டாயிரம் பேரை வாரியம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கூறிற்று. ஏற்றுக்கொண்ட கையோடு அந்த வழியை அடைத்தார்களா? இல்லை, மறுபடியும் ஒப்பந்தம், மறுபடியும் கூலி! 2018 பிப்ரவரியில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 380 ரூபாய் என்று உடன்பாடு கண்டார்கள். அந்தத் தொகையைக் கையிலே வாங்குவதற்கே மீண்டும் மீண்டும் தெருவில் நின்று முழங்க வேண்டியிருந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி வழங்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 1981ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. பத்தாண்டு, பதினைந்தாண்டு கம்பமேறியவர்களைப் பார்த்து, ‘நீ 480 நாள் வேலை செய்ததற்கு ஆதாரம் எங்கே?’ என்று கேட்கிறார்கள். பதிவேட்டிலே பெயர் எழுதாதவர் யாரோ, அவரே பதிவேட்டைக் காட்டு என்கிறார்! இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

2018 நவம்பர் 16ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். வேதாரண்யம் கரையிலே ஏறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. தமிழகமெங்கும் இருந்து மின்தொழிலாளர் டெல்டாவுக்கு விரைந்தனர். கேரளத்திலிருந்தும் தோழர்கள் வந்தனர். வயலிலும் சேற்றிலும் நின்று கம்பம் நட்டனர். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே குழியிலே கடப்பாரை பிடித்தனர். புயலுக்குத் தெரியாத வேற்றுமை சம்பளப் பட்டியலுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

அடுத்த ஆண்டு ‘கேங்மேன்’ என்றொரு பதவிக்கு விளம்பரம் வந்தது. உடல்திறன் தேர்வு, எழுத்துத் தேர்வு எல்லாம் வைத்து, 2021இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஆணை வழங்கினார்கள். வேலை கொடுத்ததை வரவேற்றோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், எங்கள் அனுபவத்துக்கு முன்னுரிமை எங்கே என்று கேட்டனர். வேலையில் சேர்ந்த கேங்மேன்களோ, கம்பம் நடுவதற்கென்று எடுத்துவிட்டு எல்லா வேலையும் வாங்குகிறார்களே, எங்களைக் களப்பணி உதவியாளர் ஆக்குங்கள் என்று போராட நேர்ந்தது. ஏணியைக் கொடுத்தார்கள், படியைக் கொடுக்கவில்லை! உதவியாளர், ஒயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், போர்மேன் என்று படிப்படியாக ஏறலாம் என்ற நம்பிக்கைதான் ஒரு தொழிலாளியை இந்த ஆபத்தான வேலையிலே முப்பதாண்டு நிறுத்தி வைக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்திலே திறமையுள்ளவன் தங்க மாட்டான்.

2025 செப்டம்பரில் 1,794 களப்பணி உதவியாளர் இடங்களுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் விளம்பரம் செய்தது. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. நேர்மையான தேர்வு வேண்டும். சிபாரிசுக்கும் கையூட்டுக்கும் இடமிருக்கக் கூடாது. ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி போதுமா? தேர்வுத்தாளில் விடை எழுதியவன் மறுநாளே கம்பமேறலாமா?

கடல் கடந்த நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவிலே மின்தொழிலாளர் சங்கம் 1891இல் செயிண்ட் லூயிஸ் நகரிலே தோன்றியது. அதைத் தோற்றுவித்த முதல் தலைவர் ஹென்றி மில்லர் ஒரு லைன்மேன். ஐந்தே ஆண்டுகளில், 1896இல், வேலையின்போது மின்சாரம் தாக்கி மாண்டார். அத்தகைய சாவுகளைக் கண்டு சங்கம் கொதித்தது. பயிற்சியில்லாதவன் கம்பமேறக் கூடாது என்று போராடிற்று. இன்று அங்கே ஒருவன் முழு லைன்மேன் ஆவதற்கு ஏறத்தாழ நான்காண்டு பயிற்சி; சம்பளத்தோடு பயிற்சி; முதிர்ந்த தொழிலாளியின் கண்பார்வையிலே பயிற்சி. முதலாளித்துவ நாட்டிலேயே தொழிலாளி போராடிப் பெற்ற உரிமை, மக்களுக்குச் சொந்தமான நம் மின்வாரியத்திலே முடியாதா?

திறமைசாலிகளை ஒரே நாளில் வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2020 ஜனவரி 31ஆம் நாள், விருப்ப ஓய்வு என்ற பெயரில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். கேபிள் எந்தத் தெருவில் எத்தனை அடியில் புதைந்திருக்கிறது என்று அறிந்தவர்களில் பெரும்பகுதி ஒரே மாலையில் வீட்டுக்குப் போயிற்று. அந்த வழியிலே மின்சாரமும் போக வேண்டாம் என்கிறோம்.

‘பணம் எங்கே? வாரியம் கடனிலே தத்தளிக்கிறதே!’ என்பார்கள். கடன் உண்மை. 2017இல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கடன் கெங்குவார்பட்டி ஒயர்மேன் வாங்கிய சம்பளத்தாலா வந்தது? வெளியே வாங்கிய மின்சாரத்தின் விலை, அடக்க விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே விழுந்த பள்ளம், அதன்மேல் ஏறிய வட்டி இவற்றால் வந்தது. காய்ந்த மாவைப் போல் உதிரும் கம்பத்தை நேரத்தில் கண்டு மாற்ற ஆளில்லாமல், அது விழுந்தபின் மாற்றுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு? டிரான்ஸ்பார்மர் எண்ணெயைப் பார்க்க ஆளில்லாமல், அது எரிந்தபின் வாங்கும் செலவு எவ்வளவு? தண்ணீர் பாயாமல் கருகிய பயிருக்கு விலை எவ்வளவு? உயிருக்கு விலை எவ்வளவு? ஆளைக் குறைப்பது சிக்கனம் அல்ல. விதைநெல்லைக் குற்றித் தின்பது!

எனவே ஆட்சியாளரிடம் நாம் கேட்பது இவைதான். காலியிடங்களை ஆண்டுதோறும், தவணை வைத்து, தவறாமல் நிரப்புங்கள். 480 நாட்களைக் கடந்த ஒப்பந்தத் தொழிலாளரைச் சட்டப்படி நிரந்தரமாக்குங்கள்; அவர்களுடைய அனுபவத்தையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். புதிதாகச் சேருவோரை ஓராண்டாவது மூத்த தொழிலாளியோடு இணைத்துப் பயிற்றுவியுங்கள். கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கு அதற்கென ஒரு படி கொடுங்கள். ஒருவரைத் தனியாகக் கம்பமேற அனுப்பாதீர்கள். கையுறை, இடுப்புப் பெல்ட், தலைக்கவசம், எர்த் ராடு ஆகியவை ஒவ்வொரு குழுவுக்கும் முழுமையாகக் கிடைக்கட்டும். பீரோவிலே பூட்டிய கையுறை யாரையும் காப்பாற்றாது. பதவி உயர்வுக்கு நாள் குறியுங்கள். விபத்தென்று வந்தால், இவன் யாருடைய ஆள் என்ற வழக்காடலை விட்டு, நிவாரணத்தை முதலில் கொடுங்கள்.

காற்றாலையிலும் செல்போன் கோபுரத்திலும் ஏறும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆண்டிபட்டிப் பக்கம் சுழலும் காற்றாலைகள் வானளாவ நிற்கின்றன. அங்கே ஏறுபவனுக்கும் முறையான பயிற்சியும் பாதுகாப்பும் நிலையான வேலையும் வேண்டும்.

தோழர்களே! அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உங்கள் ஊரில் ஜெனரேட்டர் வைத்திருப்போர் மாற்றுச் சுவிட்சு வைத்திருக்கிறார்களா என்று கிளைத் தோழர்கள் வீடு வீடாகப் பாருங்கள். விளக்கு அணைந்ததும் லைன்மேனிடம், ‘லைன் கிளியர் எல்லாம் எதற்கு, சட்டென்று ஏறிப் போடு’ என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த அரைமணி நேரப் பொறுமை ஒரு தாலியைக் காக்கும். மழைக்கு முன்பே கம்பியை உரசும் கிளைகளைக் கணக்கெடுத்து மின்அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி வேலை செய்த நாட்களை நாள்குறிப்பிலே எழுதிவைக்கச் சொல்லுங்கள்; எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். நாளை வழக்கு மன்றத்திலே அந்தக் குறிப்பே அவருக்கு வாளும் கேடயமும் ஆகலாம்.

நாற்பதடி உயரத்தில் தொங்கி நமக்கு வெளிச்சம் தருகிறவன் வீட்டிலே இருட்டு இருக்கக் கூடாது. கம்பமேறும் கரங்களைக் காப்போம்! அந்தக் கரங்கள் நிலைத்தால்தான் கெங்குவார்பட்டியிலும், கம்பம் பள்ளத்தாக்கிலும், தமிழகமெங்கும் விளக்கு நிலைக்கும்.