பஞ்சு வைத்தால் மட்டும் போதுமா? செம்மறியாட்டின் கருப்பையும் ஹார்மோன் சிகிச்சையும்

தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணை தொடங்க 50 சதவீத மூலதன மானியம் தருகிறார்கள். 100 பெட்டை, 5 கிடாவில் தொடங்கி 500 பெட்டை, 25 கிடா வரை பண்ணை அமைக்கலாம். கடன் வாங்கிப் பண்ணை வைப்பவருக்கு, எல்லா ஆடும் ஒரே சமயத்தில் ஈன்றால் குட்டிகளை மொத்தமாக விற்கலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. அதற்கான ஹார்மோன் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அடி அண்ணாமலை போல மேய்ச்சலை நம்பி ஆடு வளர்க்கும் ஊர்களில் அது லாபம் தருமா?

கருப்பையில் நடப்பது என்ன?

செம்மறி சராசரியாக 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் 24 முதல் 36 மணி நேரம் இருக்கும். அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கருப்பை வாயைத் தளர்த்தி, கருப்பைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் திரள் உருவாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். இது கருப்பையின் அசைவை அடக்கி, கரு தங்குவதற்கு ஏற்றபடி அதைத் தயார் செய்யும். சினை பிடிக்காவிட்டால், கருப்பையே புராஸ்டாகிளாண்டினைச் சுரந்து மஞ்சள் திரளைக் கரைத்துவிடும். ஆடு மீண்டும் பருவத்துக்கு வரும்.

இதைத்தான் பஞ்சு சிகிச்சை பயன்படுத்துகிறது. புரோஜெஸ்டிரோன் ஊறிய பஞ்சை 12 முதல் 14 நாள் வரை பிறப்புறுப்பில் வைத்து எடுத்தால், பெரும்பாலான ஆடுகள் இரண்டு, மூன்று நாளில் பருவத்துக்கு வரும். ராஜஸ்தான் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி நிறுவனம் 'அவிகேசில்-எஸ்' என்ற உள்நாட்டுப் பஞ்சை உருவாக்கியுள்ளது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

முதலாவது, கிடா. ஆடுகள் சிறிது சிறிதாகப் பருவத்துக்கு வரும்போது 20 பெட்டைக்கு ஒரு கிடா போதும். பஞ்சு வைத்து 100 ஆடும் ஒன்றாக வந்தால் 5 கிடாவால் சமாளிக்க முடியாது. செம்மறியின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக இருப்பதால், மாட்டுக்குப் போல உறைவிந்து ஊசி போடுவதும் எளிதல்ல. எனவே 25, 25 ஆடாகப் பிரித்தே சிகிச்சை செய்ய வேண்டும்.

இரண்டாவது, உடல் நிலை. மெலிந்த ஆடு பருவத்துக்கு வந்தாலும் கரு தங்குவது கடினம். சேர்க்கைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்து, தினமும் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள்.

மூன்றாவது, மாதம். சினைக்காலம் ஐந்து மாதம். கார்த்திகையில் சேர்ந்தால் சித்திரையில் ஈனும். ஐப்பசித் தீபாவளிக்கு ஆறு மாதக் குட்டி கைக்கு வரும். சந்தைக்கு இது நல்ல கணக்கு. ஆனால் வயிற்றுக் குட்டி வேகமாக வளரும் கடைசி ஆறு வாரம் மேய்ச்சல் காய்ந்த பங்குனியில் விழும். கடலைக்கொடியும் சோளத்தட்டும் சேமித்து வைக்காதவருக்கு, ஒரே நேரத்தில் ஈனுவது ஒரே நேரத்தில் இழப்பாகவும் முடியும்.

ஊசியில் எச்சரிக்கை

* சினை ஆட்டுக்குப் புராஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலையலாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இம்மருந்தைக் கையால் தொடக் கூடாது.
* காய்ச்சலுக்கு என்று போடும் டெக்ஸாமெத்தசோன், நிறைசினை ஆட்டை முன்கூட்டியே ஈன வைத்துவிடும். சினையாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.
* கருப்பை வாய் திறக்காதபோது ஆக்சிடோசின் போட்டால் கருப்பை கிழியலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து இது.

பத்து, இருபது ஆடு வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத வழியும் உண்டு. கிடாவைப் பெட்டைகளின் கண்ணிலும் மூக்கிலும் படாமல் ஒரு மாதம் பிரித்து வைத்துப் பின்பு சேர்த்தால், பருவத்துக்கு வராத ஆடுகள் தூண்டப்படும். பெரிய பண்ணையாளர்கள் பஞ்சு வைக்கும் முன், கிடா எத்தனை, தீவனம் எவ்வளவு என்று எண்ணிவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.