ஒரே ஃபோல்டரில் ஒரு லட்சம் ஃபைல்

பாரியூர் குண்டம் திருவிழா முடிந்தால் கோபிசெட்டிபாளையத்து ஸ்டூடியோக்களில் மெமரி கார்டுகள் வரிசை கட்டும். கார்டைத் திறந்தால் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100 என்று தொடங்கும் இன்னொன்று, அதில் 0001 முதல் 9999 வரை படங்கள். அந்த எண் முடிந்ததும் கேமரா தானாகவே 101க்குப் போய்விடும். கேமரா கம்பெனிகள் கூடி வகுத்த விதி இது. கணக்கில்லாமல் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது என்ற புத்தி கேமராவுக்கே இருக்கிறது. அதே படங்களை வெப்சைட்டில் ஏற்றுகிற நம் ஆட்களுக்குத்தான் பல நேரம் இருப்பதில்லை.

ஏற்றுகிற படம் ஒன்றாகவும் நிற்காது. உள்ளூர்ச் செய்தித் தளங்கள் பலவும் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. பெரிய படம் ஒன்றைக் கொடுத்தால் மூலப் படத்தோடு 2560, 2048, 1536, 1024, 768, 300, 150 பிக்சல் என்று மொத்தம் எட்டு ஃபைல் வரை உருவாகும். திருவிழாவுக்கு இரண்டாயிரம் படம் போட்டால் பதினாறாயிரம் ஃபைல்! வருடம், மாதம் என்று பிரித்து வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டால் அத்தனையும் ஒரே ஃபோல்டரில் குவியும்.

குவிந்தால் என்ன? பழைய லினக்ஸ் சர்வர்களில் பெயர்களை முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஃபைலை எடுக்க முடியும். எண்ணிக்கை ஏற ஏற வேகம் படுத்துவிடும். இப்போதைய இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் முறைகளில் பெயருக்கு அட்டவணை உண்டு. லட்சம் ஃபைல் இருந்தாலும் பெயர் சொல்லிக் கேட்டால் உடனே கிடைக்கும். ஆயிரத்தைத் தாண்டினாலே ஆபத்து என்று இன்றும் பயமுறுத்துகிறவர்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

தகராறு வேறு இடத்தில். பேக்கப் எடுக்கும்போதும், பட்டியல் கேட்கும்போதும், பழையதை அழிக்கும்போதும் மொத்தத்தையும் தொட வேண்டும். அங்கேதான் சர்வர் திணறுகிறது. இன்னொன்று ஐனோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு வேண்டும். இஎக்ஸ்டி4இல் வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐனோடு என்று டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடும். 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். குறைந்த விலை ஹோஸ்டிங்கில் கம்பெனிக்காரர்கள் வைக்கும் வரம்பு அதைவிட மிகவும் கம்மி. பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று சர்வர் கைவிரிப்பது இதனால்தான். பெரிய பிளானுக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

ஒரே ஃபோல்டரில் குவிப்பதில் ஃபேஸ்புக்கே அடிபட்டது. அதன் பொறியாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையின்படி அப்போது 6,500 கோடி படங்கள், நாலு அளவுகளில் 26,000 கோடி ஃபைல்கள். அன்றைய அதன் சேமிப்பு முறையில், ஒரு ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் வைத்திருந்த காலத்தில் ஒரே படத்தை எடுக்கப் பத்துத் தடவைக்கு மேல் டிஸ்க்கைத் தொட வேண்டியிருந்ததாம். நூற்றுக்கணக்காகக் குறைத்ததும் அது மூன்றாக இறங்கியது. பிறகு படங்களைத் தனித்தனி ஃபைலாக வைப்பதையே விட்டு, ஏராளமான படங்களை ஒரே பெரிய ஃபைலில் அடுக்கி, எது எங்கே என்ற குறிப்பை மெமரியில் வைத்துக்கொண்டார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் தளத்தின் முகவரிகளைக் கவனித்தாலே போதும். 347ஆம் எண் நூல் 04 என்ற ஃபோல்டரில், அதற்குள் 347 என்ற ஃபோல்டரில் இருக்கிறது. நூறு நூறாகப் பிரித்த கணக்கு. எண் தெரிந்தால் இடம் தெரியும். விக்கிமீடியா காமன்ஸ் வேறு வழி பிடித்தது. படத்தின் பெயரை எம்டி5 என்ற கணக்கில் போட்டு, வரும் விடையின் முதல் இரண்டு எழுத்தை வைத்து 256 ஃபோல்டர்களில் பரப்புகிறது. சமமாகப் பரவும் என்றாலும், கண்ணால் பார்த்து எந்தப் படம் எங்கே என்று சொல்ல முடியாது.

ஸ்டூடியோவுக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் நூலகம் வழியே தோது. வருடம், மாதம், நிகழ்ச்சி என்று ஃபோல்டர். பெயரில் தேதியும் கேமரா எண்ணும். இரண்டு கேமராவிலும் 0457 என்று படம் இருக்கும். பெயரை மாற்றாமல் எஃப்டிபியில் ஏற்றினால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படமே போய்விடலாம்.

வெப்சைட் செய்யக் கொட்டேஷன் கேட்கும்போது எத்தனை ஜிபி என்று கேட்கிறார்கள். எத்தனை ஃபைலுக்கு இடம், எந்த முறையில் அடுக்குவீர்கள் என்ற இரண்டு வரியையும் அதிலேயே சேர்க்க வேண்டும். படத்தின் முகவரி வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போன பிறகு ஃபோல்டரை மாற்றினால், பழைய லிங்க் ஒவ்வொன்றையும் புது இடத்துக்குத் திருப்பிவிடும் வேலைக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டிவரும்.