எண்ணிக்கையில் வராத ஓட்டுகள்

2024 தேர்தலின்போது தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். அவர்களில் கௌச்சர், பாம்பே (Pompe) என்ற அரிய நோய்களில் ஏதாவது கண்டறியப்பட்ட குழந்தையின் வீடு எத்தனை இருக்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பல தொகுதிகளில் அதுவும் இராது. ஓட்டு கேட்டு வருகிறவர் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனாலும் அவருக்கு எந்த நஷ்டமும் கிடையாது. நோய் தரும் துயரம் போதாதென்று இந்தக் கணக்கும் அந்தப் பெற்றோர்களை வதைக்கிறது.

2021 மார்ச்சில் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. மறு ஆண்டு மே மாதம், கொள்கை பட்டியலிடும் எந்தப் பிரிவு நோயானாலும் ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அதைத் திருத்தினார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படச் சில மருத்துவமனைகள் இதற்கான சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முன்பு இதுவும் இருந்ததில்லை. ஆனால் கௌச்சர் போன்ற நோய்களுக்கு, உடலில் குறைவாக உள்ள நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும். எவ்வளவு மருந்து என்பதை உடல் எடைதான் தீர்மானிக்கிறது. பிள்ளை தேறி வளர வளர மருந்தும் கூடும், பில்லும் கூடும். "எடை மெஷின்ல முள்ளு ஏறுறப்போ சந்தோஷப்படுறதா பயப்படுறதான்னு தெரியலைங்க" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். 50 லட்சம் என்பதோ மொத்தத்துக்குமான உச்சவரம்பு. அது தீர்ந்த பிறகு அடுத்த டோஸுக்கு யாரும் பொறுப்பில்லை.

பொறுப்பில்லாமல் போவதற்குக் காரணம், நம்மிடம் இருப்பது சட்டம் அல்ல, வெறும் கொள்கை என்பதுதான். கொள்கையை அரசு தானே வகுக்கிறது, தானே மாற்றலாம், கிடப்பிலும் போடலாம். 2017-இல் வந்த முதல் கொள்கை மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். 2014-இல் கௌச்சர் நோயுள்ள ஓர் ஏழைச் சிறுவனுக்கு இலவசமாக மருந்து தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் டெல்லி அரசுக்கு உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் அரிய நோய்களுக்குத் தேசிய நிதியம் அமைக்கவும், இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ஒதுக்கவும் சொன்னது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. இதற்கிடையே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வக்கீல் பிடிக்கிறது, தனித்தனியாக வாய்தாவுக்கு அலைகிறது. மருந்துக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு ஒரு வாய்தா என்பது எவ்வளவு நீளம்!

எண்ணிக்கையில் குறைந்த நோயாளிகளைக் கண்டுகொள்ளாத இதே நிலைதான் 1980களின் தொடக்கம் வரை அமெரிக்காவிலும். அபி மேயர்ஸ் என்ற தாயின் மகனுக்கு டூரெட் நோய். உடல் தானாக வெட்டி இழுக்கும், வாயிலிருந்து தன்னையறியாமல் ஒலிகள் வரும். சோதனையில் இருந்த பிமோசைடு என்ற மருந்து அவனுக்கு நன்றாகக் கேட்டது. அதே மருந்து மனச்சிதைவு நோய்க்குப் பலன் தராததால் கம்பெனி அதைக் கைவிட்டது. டூரெட் நோயாளிகளுக்காக மட்டும் தயாரித்தால் கட்டுப்படியாகாதாம். விசாரித்துப் பார்த்தபோது, வேறு வேறு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹென்றி வாக்ஸ்மன் என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் 1980-இல் இதுபற்றி விசாரணை நடத்தினார். பத்திரிகைகள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' வெளியிட்ட செய்தி 'குவின்சி' என்ற தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளர் ஒருவர் கண்ணில் பட்டது. அவர் அந்தத் தொடரின் நாயகன் ஜாக் க்ளக்மனின் அண்ணன் மாரிஸ். 1981-இல் டூரெட் நோயை வைத்து ஒரு கதை ஒளிபரப்பானது. க்ளக்மன் நேரிலும் வந்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். மறு ஆண்டு அதே பிரச்சினைக்காக இன்னொரு கதை. அதில் ஊர்வலம் போகும் கூட்டத்தில் உண்மையான நோயாளிகளே நூற்றுக்கணக்கில் நடந்தார்கள். 1983 ஜனவரி 4-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட, அரிய நோய் மருந்துகளுக்கான சட்டம் வந்தது. அரிய நோய்க்கான மருந்து என்றால் வரிச் சலுகை, ஏழாண்டுத் தனி விற்பனை உரிமை.

நடிகர் வந்ததால் சட்டம் வந்தது என்று சிலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டூரெட், மயோக்ளோனஸ், ஹன்டிங்டன் என்று வெவ்வேறு நோய்க்காரர்கள் அதற்கு முன்பே ஒரே கோரிக்கையோடு நின்றார்கள். ஒருவர் பிள்ளையின் மருந்து இன்னொருவர் பிள்ளைக்கு உதவாது. ஆனாலும் சேர்ந்து கேட்டார்கள். சேர்ந்தபோதுதான் எண்ணிக்கையில் வந்தார்கள்.

அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே நகலெடுக்கக் கூடாது. தனி விற்பனை உரிமை புது மருந்துகளைக் கொண்டுவந்தது. எட்டாத விலைகளையும் கொண்டுவந்தது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயான எஸ்.எம்.ஏ.வுக்கான ரிஸ்டிப்ளாம் மருந்தைப் பாருங்கள். ரோச் நிறுவனத்தின் பாட்டில் இங்கே ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தைத் தயாரித்து விற்பதற்கு, ரோச் கேட்டபடி தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் மறுத்தது; உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். நமது சட்டம் உள்நாட்டுத் தயாரிப்பையும் விலைக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவது அரசின் கடமை என்றும், வாழ்நாள் சிகிச்சைக்கு உச்சவரம்பு கிடையாது என்றும் அதில் இருக்க வேண்டும். நம்மைவிட மிகச் சிறிய நாடான பிலிப்பைன்ஸ் 2016-இலேயே அரிய நோய்களுக்கெனச் சட்டம் இயற்றிவிட்டது.

நம் நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமைகளில் தனிநபர் மசோதாவுக்கு நேரம் உண்டு. எம்.பி. ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுத்தால் சாதாரணக் குடிமக்களின் மனுவும் மக்களவைக்குப் போகும். சட்டம் கேட்கும் அந்த இரண்டு வீட்டாரை எம்.பி. மறந்துவிடலாம். நீங்களும் நானும் கேட்டால் மறக்க முடியாது. அடுத்த முறை உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது ரோடு, குடிநீர் கேட்கும் மனுவோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள்: அரிய நோய்களுக்கு ஒரு சட்டம் வேண்டும்.