ஜெட் சத்தமா, அழுகைச் சத்தமா?

மாடல் ஜெட் விடுற நண்பர்கள் நிறைய பேருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. விசிறி ஊளையிட்டாத்தான் நிஜ ஜெட் மாதிரி இருக்குமாம். நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், போன பங்குனி வரைக்கும்.

வாரம் முழுக்க திருவனந்தபுரத்துல ஆணி புடுங்கிட்டு சனிக்கிழமை ஊருக்கு வந்தா, தோவாளை பக்கம் கும்பப்பூ அறுப்பு முடிஞ்ச வயல்தான் நம்ம ஏர்போர்ட். (ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழி காத்து மாடலையும் சேர்த்து தூக்கிட்டுப் போயிரும்!) அன்னைக்கு கையில புது 64 மி.மீ. இ.டி.எஃப். அதாவது, குழாய்க்குள்ள சுத்துற மின்விசிறி. டப்பாவுலயே 'பேலன்ஸ் செய்யப்பட்டது'ன்னு போட்டிருந்தது. த்ராட்டிலை ஏத்தினதும் ஒரே அலறல். வரப்புல நின்ன அக்கா மகன் கேட்டான், "மாமா, இது ஏன் அழுவுது?"

சிரிச்சுக்கிட்டே அணைச்சுட்டுப் பார்த்தா, ஒரு பிளேடோட அடியில மயிரிழை மாதிரி விரிசல். அவன் நின்னது விசிறிக்கு நேர் பக்கவாட்டுல. பிளேடு உடைஞ்சா தெறிக்கிற திசை அதுதான். சிரிப்பு போயிடுச்சு.

ராத்திரி கணக்கு போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 40,000 சுத்து சுத்தினா பிளேடு நுனியோட வேகம் மணிக்கு சுமார் 480 கி.மீ. மையத்துல இருந்து 30 மி.மீ. தள்ளி வெறும் 0.1 கிராம் எடை கூடுதலா இருந்தா, அது இழுக்கிற விசை 5 கிலோவுக்கு மேல! அந்த விசிறி விமானத்தைத் தள்ளுறதே ஏறக்குறைய ஒரு கிலோ விசைதான். சுத்து ரெண்டு மடங்கானா இந்த ஆட்டம் நாலு மடங்காகும். அதனால "பெரிய பேட்டரி போடு, சரியாயிரும்"ங்கிற அறிவுரையை விட மோசமான அறிவுரை கிடையாது.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லீங்க. முப்பந்தல் காத்தாடிகள் ஆடி அசைஞ்சுதான் சுத்துது, ஆனாலும் மூணு இறக்கையையும் எடை பொருத்தம் பார்த்து ஒரே செட்டாத்தான் மாட்டுறாங்க. வீட்டு சீலிங் ஃபேன் இறக்கையை வேற ஃபேனோட மாத்தி மாட்டினா ஆட்டம் போடுது. டயர் கடையில ஈயத்துண்டு ஒட்டி பேலன்ஸ் பண்ணாம காரை வெளிய எடுப்போமா?

வேலையும் பெருசு இல்ல. ரோட்டரைக் கழட்டி காந்த பேலன்சர்ல வைங்க. கனமான பக்கம் தானா கீழ வரும். எதிர்ப்பக்கம், ஹப்போட உள்விளிம்புல ஒரு துளி எபாக்ஸி. எங்க நிறுத்தினாலும் அங்கயே நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப. அப்புறம் மோட்டார்ல மாட்டி மெதுவா ஓட்டுங்க. இன்னும் அதிர்ந்தா ரோட்டரைக் கொஞ்சம் திருப்பி மாட்டிப் பாருங்க, மோட்டாரோட கோணலும் ரோட்டரோட கோணலும் ஒன்னையொன்னு அடிச்சுக்கும். பிளேடு அடியை மட்டும் தேய்க்காதீங்க. விரிசல் விட்டதை ஒட்டவே ஒட்டாதீங்க, குப்பையில போடுங்க.

"ஃபோம் விமானத்துக்கு இவ்வளவு சீனா?"ன்னு கேக்கறவங்களுக்கு: விமானம்தான் ஃபோம், வரப்புல நிக்கிற பையன் ஃபோம் இல்ல.

இப்ப என் ஜெட் 'உஸ்ஸ்'னு மட்டும்தான் போகுது. மருமகனுக்கு ஏமாத்தம்தான். எனக்கு நிம்மதி.

டிஸ்கி: பேலன்ஸ் பண்ணின பிறகும் பக்கவாட்டுல யாரையும் நிக்க விடாதீங்க மக்களே :-)