கடலைப் பார்க்க இஎம்ஐ எதுக்கு?

போன வீடியோல எமர்ஜென்சி ஃபண்ட் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதுக்கு நேர் எதிரா தெரியுற ஒரு செலவு: ரெண்டு நாள் கடற்கரையில சும்மா இருந்துட்டு வர்றது.

எனக்கு ஊரு கடம்பூர். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவுல, போளிக்குப் பேர்போன ஸ்டேஷன். மேப்புல நேர்கோடு போட்டா தூத்துக்குடிக் கடல் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனா கரிசக்காட்டு ஆளுக கடலுக்குப் போறது திருச்செந்தூர்ல மொட்டை போட, இல்ல அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க. மானத்தைப் பார்த்து உளுந்தும் பருத்தியும் போட்ட வீட்டுல, "சும்மா போயிட்டு வர்றேன்"னு காசு செலவழிச்சா அது ஊதாரித்தனம்.

அந்த மாதிரி வீடுகள்ல இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வந்த நாம ரெண்டு கட்சியா பிரிஞ்சுட்டோம். ஒரு கட்சி லீவே எடுக்காது. எடுத்தாலும் கல்யாணம், கோயில் கொடைன்னு ஓடிட்டு, போனதைவிட அலுப்பா திரும்பி வரும். இன்னொரு கட்சி, "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க"ன்னு ஆப் காட்டினதும் கோவாவுக்கு டிக்கெட் போடும்.

ரெண்டாவது கட்சியோட கணக்கைப் பார்ப்போம். 30,000 ரூபா, 16% வட்டி, 12 மாசம்னா இஎம்ஐ சுமார் 2,722. வட்டி மட்டும் 2,660 ரூபாய்க்கு மேல. ப்ராசஸிங் கட்டணம் 2%னு வச்சா, ஜிஎஸ்டியோட இன்னும் 708. ஆக 3,300 ரூபாய்க்கு மேல வெறும் காத்துல போகுது. "நோ காஸ்ட் இஎம்ஐ"னு கார்டுல எடுத்தாலும், பில்லுல அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி தனியா வரும், பாருங்க. காசைவிட எனக்கு உறுத்துறது வேற. நாலு நாள் ஓய்வுக்கு ஒரு வருஷம் தவணை. அடுத்த லீவு வரும்போதும் போன லீவுக்குத்தான் கட்டிக்கிட்டு இருப்பீங்க. வேலையை விடணும்னு தோணுற மாசத்துலகூட விட முடியாது.

அதனால பக்கத்துக் கடலா பாருங்க. என்னோட தேர்வு கன்னியாகுமரி. "அது ஸ்கூல் டூர்ல போன இடமாச்சே"ன்னு சொல்லாதீங்க. அங்க நாம செஞ்சது எல்லாம் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, பாசிமணிக் கடை, மறுபடி பஸ். ரெண்டு ராத்திரி தங்கினா அது வேற ஊரு. இப்போ பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் வேற வந்துருச்சு. படகுக்குக் கூட்டம் நின்னா விட்டுடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

ரெண்டு பேருக்கு நான் போடுற பட்ஜெட்: சென்னையில இருந்து ஸ்லீப்பர்ல போக வர 2,000. ரூம் ஒரு நாளைக்கு 2,000னு ரெண்டு நாள், வரியோட 4,200. சாப்பாடு, ஆட்டோவுக்கு 3,000. கைச்செலவு 800. மொத்தம் 10,000. மாசம் 1,000 ரூபா ஆர்டி போட்டா பத்து மாசத்துல கையில இருக்கும். கொஞ்சம் வட்டியும் நமக்கு வரும்.

ரூம் எடுக்கும்போது ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22ல இருந்து, ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினா 18%. 7,500 ரூமுக்கு 7,875 கட்டுவீங்க, 8,000 ரூமுக்கு 9,440. ஐந்நூறு ரூபா வித்தியாசம் 1,565 ஆயிடுது. அப்புறம் சம்பளத்துல எல்டிஏ இருந்து, பழைய வரி முறையில இருந்தீங்கன்னா, பயணக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. ரூம் வாடகைக்கு இல்ல. புது வரி முறையில எதுவுமே இல்ல.

தேதிதான் பாதி மிச்சம். கார்த்திகை, மார்கழியில ஐயப்ப பக்தர்கள் கூட்டம், லாங் வீக்கெண்ட்ல ஊரே அங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிளம்பும்போது நீங்க போய் இறங்குங்க, செவ்வாய் சாயங்காலம் கிளம்புங்க. ரயில் முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, அலாரம் வச்சுக்கோங்க.

நான் முதல்ல போனது அம்மாவோட. தீப்பெட்டி ஆபீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. ரூம் வாடகையைக் கேட்டதும், "சும்மா உக்காந்திருக்கவா இவ்வளவு ரூவா?"ன்னாங்க. முதல் நாள் முழுக்க என் சட்டையைத் துவைச்சாங்க, ரூமைக் கூட்டினாங்க. ராத்திரி, ஆர்டி பாஸ்புக்கைக் காட்டி, இது கடன் இல்ல, இதுக்குன்னே போட்ட காசுன்னு சொன்னேன். ரெண்டு தடவை வாங்கிப் பார்த்தாங்க. மறுநாள் சாயங்காலம் பால்கனியில உக்காந்திருந்தோம். ரூம் பையன் டீ வேணுமான்னு கேட்டான். நான் பதில் சொல்றதுக்குள்ள, "இங்கயே கொண்டு வரச் சொல்லு"ன்னாங்க.

அடுத்தது மணப்பாடு. 1542ல சவேரியார் வந்து தங்கினதா சொல்ற குகை, மேட்டு மேல சர்ச்சு, கீழ கடல். ரூம் திருச்செந்தூர்ல எடுத்துக்கலாம், இருபது கிலோமீட்டருக்குள்ளதான். குலசை தசராவும் சூரசம்ஹாரமும் முடியட்டும்னு இருக்கேன். ஆர்டி நாலாவது மாசம் ஓடுது. போன்ல பேசும்போதெல்லாம் அம்மா, "அது எப்ப முடியும்?"னு கேக்குறாங்க.